அடிவயிற்றில் ஒன்றுமில்லை

ஜனவரி 11, சனி

சத்துணவுக் கூடத்தைப் பூட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பொங்கல் லீவு முடியும்வரை பருப்பு இல்லை, முட்டை இல்லை, ஆய்வுக்கு வரும் அதிகாரிகளின் அதட்டல் இல்லை. பன்னிரண்டு வருடமாக அமைப்பாளராக இருக்கிறேன். எந்தப் பிள்ளை கீரையை ஒதுக்கும், எந்தப் பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், பிளஸ் டூ படிக்கிறாள், அவள் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. அனுசுயாவுக்கு இப்போது கபடிதான் எல்லாம். விடிந்தால் மைதானம், பொழுது அடைந்தால் மைதானம்.

வீட்டை ஒதுங்க வைத்தேன். அலமாரியில் நவம்பரில் வாங்கிய நாப்கின் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. தூசியைத் துடைத்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

போகிக்குக் கொளுத்த பழைய பாய் ஒன்று. கரும்பு விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

எதிர்வீட்டுக்காரி வெள்ளையடிக்கிற சாக்கில் வாசலில் நின்று, "ஒம் மகள யாரோ ஒரு பய பைக்குல கொண்டாந்து இறக்கி விட்டுட்டுப் போறானே, சொந்தக்காரனா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஆமாம், சொந்தம்தான் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

அனுவிடம் கேட்டதற்கு, "பி.டி. ஜெபசெல்வி டீச்சரோட தம்பிம்மா. எங்க மேட்ச் எல்லாத்துக்கும் அவன்தான் அம்பயர்" என்றாள். சொல்லிவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாளா?

ஜனவரி 17, வெள்ளி

கோபத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

இன்றைக்குப் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. மதியம் இரண்டு மணிக்கு என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பிள்ளைகள் காலையில் இட்லி தின்றதோடு சரி. பி.டி. டீச்சர் ஜெபசெல்வி, ஆட்டம் முடிந்துதான் சோறு என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். இரண்டு போய் மூன்றானது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வந்து பிள்ளைகளுக்குக் கை கொடுத்து, போட்டோ எடுத்து, பிறகுதான் விசில் ஊத வேண்டுமாம். அது என்ன சட்டமோ. நாலரைக்கும் ஆளைக் காணோம். பிள்ளைகள் பசியில் வாடிப்போனார்கள். விழாக்குழுக்காரர்கள், "பெரியவர் வர இன்னும் நேரமாவும், பிள்ளைகளுக்குப் பிரியாணியப் போட்டுருவோம்" என்று பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். பசி. அள்ளி அள்ளித் தின்றார்கள். தொண்டை அடைக்கிறது என்று மேலே கலர் சோடாவும் குடித்தார்கள்.

கை கழுவி வந்து உட்காரவில்லை, பெரியவர் கார் வந்துவிட்டது. உடனே மாலை, உடனே துண்டு, உடனே விசில். ஜெபசெல்வி டீச்சர், "சார், பிள்ளைகள் இப்பத்தான் சாப்பிட்டிருக்காவ, ஒரு மணி நேரம் குடுங்க" என்று மன்றாடினார். "பெரியவருக்கு இன்னும் மூணு பங்சன் இருக்கு டீச்சர், ஒங்களுக்குப் புரியாது" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அனு பிடிக்கிறவள். கபடி பாடி வந்த பெண்ணின் காலைக் கட்டினாள். அவள் திமிறித் தாவியதில் முழங்கால் நேராக அனுவின் நெஞ்சுக்குக் கீழே, மேல் வயிற்றில் இறங்கியது. அனு காலை விடவில்லை. புள்ளி கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது. போட்டோவுக்கு நிற்கும்போது குனிந்தே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை வாந்தி. சோடா வாங்கிக் கொடுத்தேன். அதையும் கக்கினாள்.

ஜனவரி 18, சனி, காலை

ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எழுதாவிட்டால் மூச்சு முட்டும்.

விடிய விடிய முனகல். நர்சிங் ஹோம் டாக்டர் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்து வரச் சொல்லி சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். வாந்தி என்று சொன்னதும் அவருடைய கம்பவுண்டர் அனுவை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. வாந்தி எடுத்தால் ஒரு பெண்பிள்ளைக்கு வேறு எதுவுமே இருக்கக் கூடாதா?

ஸ்கேன் டாக்டர் அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். அனுவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து அவரிடம் பொம்பளைக்குப் பொம்பளை ஒரு வார்த்தை சொன்னேன். அவர் தலையாட்டினார். தண்ணீர் குடித்தால்தான் தெளிவாகத் தெரியுமாம், ஒரு லிட்டர் பாட்டிலை முழுவதும் குடிக்கச் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறாள். மெதுவாகக் குடி என்றேன். தலையைத் தூக்காமல் குடிக்கிறாள்.

அதே நாள், மதியம்

ஒன்றுமில்லை! கர்ப்பப்பை நார்மல், அடிவயிற்றில் ஒன்றுமில்லை. கொஞ்சம் நீர் நிற்கிறது, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நிற்கத்தான் செய்யும் என்று ஸ்கேன் டாக்டர் சொன்னார். நர்சிங் ஹோம் டாக்டர் ரிப்போர்ட்டை இப்படி ஒரு புரட்டு, அப்படி ஒரு புரட்டு. "தசைப்பிடிப்புதாம்மா. ஊசி போட்டுக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மன் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்தேன். அனுவுக்கு வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். கோயில் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். ஊசி மயக்கம் என்று நினைத்தேன்.

அதே நாள், சாயங்காலம்

உடம்பு கொதிக்கிறது. வயிறு பலகைபோல இறுகிவிட்டது, தொடவிடமாட்டேன் என்கிறாள். ஜெபசெல்வி டீச்சர் வந்து பார்த்துவிட்டு அலறினார். கார் பிடித்து பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம்.

ஜனவரி 19, ஞாயிறு

அனு உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மீரான் என்று ஒரு சர்ஜன். சின்ன வயதுதான், ஆனால் வாய் ஓயாமல் அதட்டிக்கொண்டே இருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கிறவர் அனுவைப் படுக்க வைத்து எடுக்கப் போனார். டாக்டர் உள்ளே நுழைந்து, "படுக்க வச்சு எடுத்தா எனக்கு எதுவும் தெரியாதுய்யா, உக்கார வைங்க" என்று கத்தினார். ஆளுக்கொரு பக்கம் நானும் டீச்சரும் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு அனுவைத் தூக்கிப் பிடித்தோம். பிள்ளை என் தோளில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சுக்கூட்டுக்கு அடியில், கல்லீரலுக்கு மேலே, கறுப்பாக ஒரு பிறை. "இது காத்தும்மா. குடலுக்குள்ள, வயித்துக்குள்ள இருக்க வேண்டிய காத்து. வெளிய வந்துட்டுன்னா எங்கயோ ஓட்டை விழுந்திருக்குன்னு அர்த்தம். உக்காந்தாத்தான் மேல ஏறி வந்து நிக்கும், படுத்தா பரவிரும்."

அதன் பிறகு ஊசி மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கையெழுத்து வாங்கும் முன் என்னைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, "இது கல்லீரல், இது மண்ணீரல், ரெண்டுக்கும் ஒண்ணுமில்ல. இது இரைப்பை. வெளிச்சுவர் இப்படியே வந்து இங்கன அறுந்து நிக்குது பாருங்க" என்றார். அறுந்து நின்றது எனக்கே தெரிந்தது. படிக்காத கண்ணுக்கே தெரிகிற ஒன்றைப் படித்த இரண்டு பேர் பார்க்கவில்லை!

ஆபரேஷன் முடிந்து வந்தவர் முகமூடியைக் கழற்றிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். காலி வயிறாக இருந்திருந்தால் அடி வாங்கி அமுங்கி எழுந்திருக்குமாம். கழுத்துவரை நிறைந்திருந்ததால் ஊதிய பலூன்போல வெடித்துவிட்டதாம். கிழிசலில் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை வந்து ஒட்டிக்கொண்டதால் ஓர் இரவு தாங்கியிருக்கிறது. வயிற்றுக்கு வெளியே பிரியாணிச் சோற்றைப் பொறுக்கி எடுத்தேன் என்றார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை இது. 

"சோத்த விட தண்ணிதான் அதிகமா இருந்துச்சு. அந்தத் தண்ணிதான் எல்லாத்தையும் வயிறு பூரா அலசி விட்டுட்டு. நேத்து எவ்வளவு குடிச்சா?"

"ஒரு லிட்டர் சார். பெறவு ஒரு இளநி."

"வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஒரு லிட்டரா? யாரும்மா குடுத்தது?"

"ஸ்கேன்காரங்கதான் சார்."

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "அடி பட்டது இங்க. இவங்க பாத்தது அடிவயிறு மட்டும். 'கொஞ்சம் நீர்'னு வேற எழுதியிருக்காங்க. அந்த நீர் எங்க இருந்து வருதுன்னு நாலு விரக்கடை மேல கருவிய நகத்தியிருந்தா கூடப் போதுமே. எதுக்கு இத மட்டும் பாத்தாங்க?"

"அவங்களத்தான் சார் கேக்கணும்" என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கில் குழாய்.

ஜனவரி 21, செவ்வாய்

திருப்பூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் நேற்றுதான் வந்து சேர்ந்தார். சனிக்கிழமை விடியற்காலையில் நான் போன் போட்டபோது கேட்ட முதல் கேள்வி, "வெளிய யாருக்கும் தெரியுமா?" தெரிய என்ன இருக்கிறது? பிள்ளைக்கு வயிறு கிழிந்திருக்கிறது, ஊருக்கே தெரியட்டும்! அவர் என்ன நினைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். பெற்ற தகப்பன் இப்படி நினைக்கலாமா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டீ வாங்கப் போய்விட்டார்.

விழாக்குழுவிலிருந்து இரண்டு பேர் ஆப்பிள் பையோடு வந்தார்கள். பெரியவர் ரொம்ப வருத்தப்பட்டாராம். அவரிடம் சொல்லுங்கள், நேரத்துக்கு வந்திருந்தால் வருத்தப்பட்டிருக்க வேண்டாம் என்று சொல்லிப் பையைத் திருப்பிக் கையில் திணித்தேன். பிள்ளை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், இவர்கள் ஆப்பிள் கொண்டு வருகிறார்கள்.

ஜனவரி 23, வியாழன்

அனுவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேசுகிறாள், ஆனால் நர்ஸிடமும் டீச்சரிடமும்தான். எனக்கு ம், இல்லை, வேண்டாம். மருந்து வேகம்.

அவரைக் காவலுக்கு வைத்துவிட்டு, எங்கள் சத்துணவு சமையலர் பூரணத்தைக் கூட்டிக்கொண்டு நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனேன். கூடம் நிறைய ஆட்கள், எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில். பார்த்ததும் எனக்கு வெறி ஏறிவிட்டது.

"எம் மக வயித்துக்குள்ள சோறு கொட்டிக் கிடந்திருக்கு. ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்கியளே, கண்ணுதான் அவிஞ்சு போச்சா?" என்று கத்தினேன். பாட்டிலோடு இருந்தவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்கேன் டாக்டர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. பதிலுக்கு என்னிடம் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

"நான் என்ன வேணாலும் கேப்பேன். நான் சோறு பொங்குதவ. நீதான டாக்டரு? கேட்டத மட்டும் பாத்துச் சொல்லுததுக்கு ஒனக்கு எதுக்கு மெசினு?" என்று கேட்டேன். இதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. எங்கே சொல்லட்டும் பார்ப்போம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பூரணம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் மூடாத பொம்பளை அவள். இறங்கும் இடத்தில் மட்டும், "அக்கா, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு நானும் வாரேன்" என்றாள். மனு கொடுக்கப் போகிறோம். விழாக்குழு, நர்சிங் ஹோம், ஸ்கேன் சென்டர், ஒருத்தரையும் விடுவதாக இல்லை.

ஜனவரி 25, சனி

இன்றைக்கு வாய் வழியாகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் மீரான் சொன்னார். ஒரு மடக்கு, அப்புறம் பொறுத்து இன்னொரு மடக்கு. எட்டு நாளாக வறண்ட உதட்டைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன எனக்கு, தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி டம்ளரில் எடுத்து வரும்போது திருவிழாவுக்குப் போவது போல இருந்தது.

அனு டம்ளரைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நர்ஸ் அக்கா தரட்டும்."

"ஏட்டி, நான் தந்தா என்ன? டாக்டர்தான் குடுக்கச் சொன்னாவ."

 பிறகு சுவரைப் பார்த்தபடியே, "அந்த ஸ்கேன் ரூம்ல நடுவுல ஒரு துணிதாம்மா தொங்குச்சு" என்றாள்.

நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

"'மேடம், வயித்து வலியெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம். மாசம் ரெண்டாச்சு, மொதல்ல அது இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.' இப்படித்தான சொன்ன? ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டுச்சு."

"பயந்துட்டேன்ட்டி. ஒங்கப்பா வேற போன்ல..."

"தண்ணி உள்ள போவப் போவ தீயாட்டம் எரிஞ்சுது. செத்துருவேன்னு நினைச்சேன்."

"முடியலன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான? எதுக்குட்டி அவ்வளவையும் குடிச்ச?"

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"குடிக்க மாட்டேன்னு சொன்னா நீ என்ன நினைச்சிருப்ப? ஸ்கேன் எடுக்க விடாமத் தப்பிக்கப் பாக்கான்னுதான நினைச்சிருப்ப? அதான் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சேன்."

நர்ஸ் வந்து டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்த பாக்கெட்டை எடுத்து வந்தேன். அனுதான் நர்ஸிடம் சொல்லி அனுப்பியிருந்தாள், பிரிக்காமல் ஒன்று இருக்கும், எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும் என்று. ஓடியாடி விளையாடுகிற பிள்ளைகளுக்கு இப்படித் தள்ளிப் போவது சகஜம்தான் என்று நர்ஸ் சொன்னார். அனுவிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அவளைத் தவிர எல்லாரிடமும் கேட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீசில் தலைக்கு மேல் தலை. எனக்குப் பின்னால் பூரணம், அவளுக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர்களே நாலைந்து பேர், எதிர்வீட்டுக்காரி உள்பட. முதியோர் பணத்துக்கு வந்தாளாம்.

மேஜையில் இருந்த அதிகாரி மனுவை மேலோட்டமாகப் பார்த்தார். "அடி மேல் வயித்துல பட்டிருக்கு. அப்புறம் எதுக்கும்மா கர்ப்பப்பைய ஸ்கேன் பண்ணாங்க? யாரு கேட்டா?"

மனுவில் நான் அதை எழுதவில்லை. பூரணம் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சார் கேட்டேன்."

"என்னம்மா?"

"நான்தான் கேட்டேன்! எம் மகளச் சந்தேகப்பட்டு நான்தான் கேட்டேன்!" பின்னால் இரைச்சல் அடங்கியது. எதிர்வீட்டுக்காரி கழுத்தை நீட்டியிருப்பாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஒங்க மேலதானம்மா தப்பு. அவங்க மேல எதுக்கு மனு?"

"எம்மேலயும் தப்புதான் சார், எழுதிக்கிடுங்க. நாலாவதா எம் பேரயும் போடுங்க. பயந்துபோன தாய்க்காரி ஆயிரம் கேப்பா. அடி பட்ட இடம் எதுன்னு அவங்க பாக்கணுமா இல்லையா? எல்லாரும் எம் பிள்ளை அடிவயித்தையே பாத்தியளே, வலிக்குது வலிக்குதுன்னு அவ கையை வச்ச இடத்த ஒருத்தர் பாத்தியளா? வயிறு முட்டச் சோத்தப் போட்டு உடனே ஆட விட்டாவளே, அவங்களையும் நானா கேட்டேன்?"

அவர் பேனாவை எடுத்தார். மனுவின் அடியில் நான் சொன்னதையும் எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, விசாரணைக்கு என்று முத்திரை குத்தினார். விசாரிப்பார்களோ, கிடப்பில் போடுவார்களோ. விடப் போவதில்லை, அடுத்த திங்களும் வருவேன்.

வார்டுக்கு வந்தபோது அனு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூரணம் முந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டாள். அனு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரியா சொன்ன?"

"எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்டுச்சு. பெறவு யாருக்குக் கேக்கணும்?"

அவள் சிரிக்கவில்லை. தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு, மேஜையில் மூடியிருந்த டம்ளரைக் கண்ணால் காட்டினாள்.

"அதை எடு. ரெண்டு மடக்கு போதும்."